பந்து வருமுன்: பீட்டர் தங்கராஜும் மன ஒத்திகையின் வரலாறும்

ஐஸ் ஹாக்கியில் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில், பத்து மீட்டர் தொலைவிலிருந்து அடிக்கப்படும் ரப்பர் வட்டு கோலை அடைய ஏறத்தாழக் கால் வினாடி ஆகிறது. கண் கண்டதை மூளை உணர்ந்து தசை அசையத் தொடங்குவதற்கே அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். கால்பந்தின் பெனால்டி உதையும் இத்தகையதே: 11 மீட்டர் தொலைவு, 100 கி.மீ. வேகம், 0.4 வினாடி. காக்க வேண்டிய அகலமோ 7.32 மீட்டர். பந்தைப் பார்த்த பின்னரே செயல்படும் கோல்கீப்பர் பெரும்பாலும் காலம் கடந்தே செயல்படுகிறார். பந்து வருமுன் அதன் வரவை உள்ளத்தில் கண்டிருக்க வேண்டியது அவருடைய தொழிலின் நிபந்தனை. மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் கோலைக் காத்துக்கொண்டே சட்டம் பயின்ற கென் டிரைடன், தம் ஆட்டக்காலத்தைப் பற்றி 1983-இல் எழுதிய நூலில் உடலுக்கு நிகராக மனத்தையும் பேசியதில் வியப்பில்லை.

இந்த உள்ளக்காட்சிக்கு ஆய்வுலகில் நீண்ட வரலாறு உண்டு. எண்ணம் மட்டுமே தசையை அசைக்கவல்லது என்ற கருத்தை ஆங்கில உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் 1852-இல் முன்வைத்தார். கையை மடக்குவதாகக் கற்பனை செய்பவரின் கைத்தசையில் நுண்ணிய மின்னசைவு தோன்றுவதை எட்மண்ட் ஜேக்கப்சன் 1930-களின் தொடக்கத்தில் அளந்து காட்டினார். அம்பெறிதலிலும் கூடைப்பந்து எறிதலிலும் மனப்பயிற்சியின் பயனைச் சோதித்த ஆய்வு 1943-இல் வந்தது. ரிச்சர்ட் சுவின் 1970-களில் பனிச்சறுக்கு வீரர்களிடம் அதை முறையான பயிற்சியாகவே ஆக்கினார். 1983-இல் பெல்ட்ஸும் லேண்டர்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது கிடைத்த சராசரி விளைவளவு 0.48. அதாவது, பயன் உண்டு. ஆனால் மாயம் இல்லை. வெறும் உடல்வலிமையைவிட முடிவெடுத்தல் மிகுந்த செயல்களிலேயே பயன் கூடுதல் என்பதும் அத்தொகுப்பின் முடிவு. கோல்கீப்பரின் வேலை பெரிதும் முடிவெடுத்தலே என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

தமிழில் இதற்கு மனக்காட்சி, மன ஒத்திகை என்ற சொற்கள் வழங்குகின்றன. இவற்றுக்கும் பழையதான ‘பாவனை’ தமிழகப் பேச்சில் நடிப்பு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இலங்கைத் தமிழிலோ ‘பாவித்தல்’ பயன்படுத்துதலைக் குறிக்கிறது. உள்ளத்தில் ஒன்றை உருவாக்குதல் ஒரு கரையில் பொய்யாகவும் மறுகரையில் பயனாகவும் ஆனது சொல்வரலாற்றின் குறும்பு.

இனி ஹைதராபாத். செகந்திராபாத் பாளையம் 1806-இல் உருவானது முதல், மெட்ராஸ் படைப்பிரிவுகளைத் தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் அங்கே வேரூன்றின. 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் அணிகளில் ஆடத் தொடங்கி, 1953-இல் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் ஆடியது சென்டர் பார்வர்டாக. கோலைக் காக்கும் இடத்துக்கு மாறியது அதன் பின்னரே. அந்த அணி 1955-இலும் 1958-இலும் டுராண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளிலும் அவர் இடம்பெற்றார்.

இந்த இடமாற்றம் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாகக் கடந்துபோகிறது. அது அதைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது. கோல் அடித்துப் பழகியவன் பந்தை எந்தக் காலில், எந்தக் கோணத்தில், எந்தக் கணத்தில் உதைக்க விரும்புவான் என்பதைத் தன் உடலாலேயே அறிந்தவன் காவலுக்கு வந்தால், அவனுடைய மனக்காட்சியில் இரண்டு கண்கள் இருக்கும். தன் உடலுக்குள்ளிருந்து காண்பதையும் வெளியிலிருந்து தன்னைக் காண்பதையும் உளவியலாளர் வேறுபடுத்துவர். எதிராளியின் உடலுக்குள்ளிருந்து காண்பது மூன்றாவது வகை. அதைப் பயிற்சி அறையில் பெறுவது அரிது.

ஹைதராபாத் கால்பந்தின் சூழலும் இதற்கு இசைவானது. பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான சையது அப்துல் ரஹீம், பந்தை உருட்டிக்கொண்டு ஓடத் தடைவிதித்த போட்டிகளையும், பழக்கமற்ற காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகளையும் நடத்தினார். உருட்டிச் செல்ல முடியாதவன் பந்து தன்னிடம் வருமுன்னரே அடுத்த உதையின் திசையைக் கண்டிருக்க வேண்டும். ‘மனக்காட்சிப் பயிற்சி’ என்ற பெயர் அங்கே இல்லை; அது செய்யும் வேலை இருந்தது. அவர் பயிற்றிய ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

ஜகார்த்தா, 1962. ஆசிய விளையாட்டின் தொடக்க ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது, கோலில் தங்கராஜ். பின்னர் உடல்நலக் குறைவால் அவர் விலக, தாய்லாந்து, ஜப்பான், தென்வியட்நாம் ஆகியவற்றுக்கு எதிராகப் பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். மூன்று ஆட்டங்களிலும் வெற்றி. இறுதியாட்டத்தில் எதிரே மீண்டும் தென்கொரியா. வென்று வந்த காவலரை வெளியே அமர்த்தி, நோயிலிருந்து எழுந்த, அதே அணியிடம் இரண்டு கோல் விட்டிருந்த தங்கராஜை ரஹீம் களமிறக்கினார். தலையில் தையல் போடப்பட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்னணிக்கு அனுப்பியவரும் அவரே. முன்னே ஆடியவர் பின்னே, பின்னே ஆடியவர் முன்னே. ரஹீமுக்கு அப்போது புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

இவ்விடத்தில் வரலாறு எழுதுபவருக்கு ஓர் ஆசை எழும்: ஆடாதிருந்த நாட்களில் தங்கராஜ் கண்மூடிக் கொரிய முன்னணியை மீண்டும் மீண்டும் மனத்தில் சந்தித்தார் என்று எழுதிவிட. 1972-க்குப் பின் உருவான பயிற்சிமுறையை 1962-இன் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைக்கும் அக்காலப்பிழை, விளையாட்டு வரலாற்றில் இன்று மலிந்து கிடக்கிறது. பழைய சாதனை ஒவ்வொன்றுக்கும் புதிய அறிவியலின் முத்திரை குத்துவது சாதனையாளரைப் பெருமைப்படுத்துவதாகத் தோன்றினாலும், அவரிடம் இருந்த அறிவை அவரிடமிருந்து பறிக்கவே செய்கிறது. மன ஒத்திகைக்கு வேண்டிய மூலப்பொருள் தங்கராஜிடம் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்: எதிராளிகளை ஒருமுறை நேரில் கண்ட கண், பார்வர்டாக ஆடிய கால், தோல்வியின் நினைவு. ஆய்வுகள் தரும் பாடமும் அதுவே. உடல் அறியாததை மனம் ஒத்திகை பார்ப்பது கடினம்.

செப்டம்பர் 4 அன்று செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராக முழங்கினர். இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியாவின் ஜி. டி. சோந்தி கண்டித்ததே அச்சினத்துக்குக் காரணம். காவலரிடம் எவரும் குரல் கொடுத்துச் சொல்ல இயலாத இரைச்சல் அது. பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடங்களுக்குள் கோல் அடித்தனர். எஞ்சிய எழுபது நிமிடங்கள் தங்கராஜுடையவை. கொரியர்களால் ஒரு கோல் மட்டுமே அடிக்க முடிந்தது, அதுவும் ஆட்டம் முடியும் தறுவாயில். 2-1. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இறுதியாகப் பெற்ற தங்கம் அது.

தங்கராஜுக்கு 1967-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 2008-இல் பொகாரோவில் காலமானார். பர்மன் காத்து வென்ற மூன்று ஆட்டங்களை இறுதியாட்டத்தின் கதை பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. அன்று அரங்கின் ஓரத்தில் அமர்ந்து, தாம் காக்காத கோலை நோக்கி வந்த ஒவ்வொரு பந்தையும் பார்த்துக்கொண்டிருந்த கோல்கீப்பர் அவர்.