இருண்ட முகிலில் பிறக்கும் விண்மீன்கள்

தலைநகரில் வாழும் தமிழராகிய நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் செல்லத் தவறுவதில்லை. மன்னர் சவாய் ஜெயசிங் 1724-ஆம் ஆண்டில் அமைத்த வானாய்வுக் கூடம் அது. அங்கே சாம்ராட் யந்திரத்தின் நிழலைக் கொண்டு பொழுதை அளந்தார்கள். கோள்களின் இருப்பிடத்தை வெறுங்கண்ணாலேயே குறித்தார்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் உண்டு என்பதை உலகம் அன்று அறியாது.

ஜெயசிங் மறைந்த 1743-இல் வில்லியம் ஹெர்ஷல் நான்கு வயதுக் குழந்தை. பிற்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறி, இசைத் தொழிலை விட்டு வானை ஆராயப் புகுந்த இவர், விண்மீன் கூட்டங்களுக்கு நடுவே மீனே இல்லாத கரிய இடங்களைக் கண்டார். வானில் விழுந்த ஓட்டைகள் என்று எண்ணினார். 1800-இல் அவரே சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், பாதரசம் மேலும் ஏறிற்று! அதுவே அகச்சிவப்புக் கதிர். அந்த ஓட்டைகளின் உண்மையை உரைக்கவல்ல கதிர் அதுதான் என்பதை அறியாமலே அவர் மறைந்தார்.

அவை ஓட்டைகள் அல்ல. குளிர்ந்த வாயுவும் தூசியும் செறிந்த முகில்கள். உள்ளே பிறக்கும் மீனின் ஒளியைத் தூசி விழுங்கிச் சூடேறி, அச்சூட்டை அகச்சிவப்பாக உமிழ்கிறது. கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் அண்மையில் உள்ள முகில் சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவினது. (தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் கார்த்திகையையே தேடித்தான் காண வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.) திருவாதிரை ஒளிரும் ஓரியன் கூட்டத்து முகிலோ 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. அதனுள், சாதாரண ஒளியில் சுவடே தெரியாத இளம் மீன் ஒன்றைக் கண்டதாக பெக்லின், நியூகெபாவர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1967-இல் அறிவித்தனர்.

காற்றிலுள்ள நீராவி இக்கதிரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. ஆதலின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 100 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை ஐதராபாத்திலிருந்து பலூனில் கட்டி, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினர். ஜப்பானியர் அளித்த கருவியைப் பொருத்தி, கரி அணுக்கள் 158 மைக்ரான் அலைநீளத்தில் விடும் கதிரில் ஓரியன் முகிலை அளந்ததும் இம்முறையிலேயே. லடாக்கில் 4,500 மீட்டர் உயர ஹான்லேயில், நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கியிலும் அகச்சிவப்புக் கருவி பொருத்தப்பட்டுள்ளது.

ஐரோப்பியர் 2009-இல் விண்ணுக்கு அனுப்பிய 3.5 மீட்டர் ஆடி கொண்ட ஆய்வுக்கலத்துக்கு ஹெர்ஷல் என்றே பெயர் வைத்தனர். குளிரூட்டும் ஹீலியம் 2013-இல் தீரும்வரை அது இம்முகில்களைப் படமெடுத்தது. அவற்றுள் நூலிழை போன்ற வாயு இழைகளும், அவ்விழைகளில் மணி கோத்தாற்போல் மீன்கருக்களும் தென்பட்டன.