கலைவாணர் நடத்திய படநிறுவனம்

சென்னைத் துறைமுகத்துக்கு வடபால் இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடற்கரையை ஒட்டி நீளும் பகுதியை நாம் தொழிற்பகுதி என்றே அறிவோம். தென்னாட்டின் முதல் இரயில் நிலையம் 1856-ம் ஆண்டு இராயபுரத்தில் திறக்கப்பட்டது. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், கப்பலில் வந்த பாகங்களை எண்ணூரில் பூட்டி மோட்டார் வண்டிகளாக ஓட விட்டது. இப்பகுதிக்கும் திரைப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். படங்கள் பிடிக்கப்பட்டது கோடம்பாக்கத்தில் அல்லவா?

தொடர்பு உண்டு. படச்சுருளுக்கான கச்சா பிலிம் நெடுங்காலம் நம் நாட்டில் செய்யப்படவில்லை. அது வெளிநாட்டிலிருந்து கப்பலேறித்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் வரவு குன்றவே, அரசாங்கம் ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. பிலிமை அரசாங்கம் பங்கிட்டு வழங்கும் நிலையும் வந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவரும், மாலையில் கொட்டகையின் தரை வகுப்பில் அமர்ந்து அந்தப் பிலிமில் பதிந்த உருவங்களைக் கண்டு மகிழ்ந்தனர். அவர்கள் மிகவும் விரும்பிய உருவங்களுள் ஒன்று என். எஸ். கிருஷ்ணனுடையது.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கிருஷ்ணன், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றவர். 1935-ல் வெளிவந்த ‘மேனகா’ படத்தின் மூலம் திரைக்கு வந்தார். அக்காலத்தில் விகடன் என்றால், கதைக்கு நடுவே வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவன் என்பதே எண்ணம். கிருஷ்ணனோ தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டார். நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே எழுதுவித்து, தம் குழுவினரைக் கொண்டே நடித்து முடித்து, படத்தில் சேர்க்கும் முறையைக் கையாண்டார். பிறர் படத்துக்குள்ளேயே தனியொரு பட்டறை நடத்தினார் என்று சொல்லலாம். ‘வசந்தசேனா’ படத்துக்காகப் பூனா சென்றபோது அறிமுகமான டி. ஏ. மதுரம் அம்மையார், அந்தப் பட்டறையின் சரிபாதியானார்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரிப் பகுதியில் இலட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் குத்துண்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை ஐகோர்ட்டில் செய்த அப்பீலும் பயன் தரவில்லை. எஞ்சியிருந்தது இலண்டன் பிரிவி கவுன்சில் ஒன்றே. கடல் கடந்து நீதி கேட்பதற்குப் பெரும்பொருள் வேண்டும். சம்பாதிக்க வேண்டியவரோ சிறைக்குள் இருந்தார்.

இந்த நெருக்கடியில் மதுரம் அம்மையார் கலங்கி அமர்ந்துவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என். எஸ். கே. நாடக சபையை நடத்தினார். அச்சபையின் நாடகமான ‘பைத்தியக்கார’னையே படமாக்கும் முயற்சியும் தொடங்கிற்று. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். கிழவனுக்கு இளம்பெண்ணை மணமுடிக்கும் கொடுமையைக் கண்டிக்கும் கதை அது. ஒரு மனிதனை மீட்பதற்குப் பொருள் திரட்டப் புகுந்தவர்கள், எளிதில் காசு தரும் மாயாஜாலக் கதையை நாடாமல், சமூகத்தின் கோபத்துக்கு ஆளாகக்கூடிய பொருளைத் தேர்ந்தார்கள் என்பது எண்ணத்தக்கது.

பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடியும் ஆராயுமாறு பணித்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். முடியும் தறுவாயிலிருந்த படத்தில் கிருஷ்ணனுக்கும் ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. சிறை வாழ்வையே அவர் சிரிப்புக்குப் பொருளாக்கினார். அவ்வாண்டே படம் வெளிவந்தது. அவருக்குக் ‘கலைவாணர்’ என்ற பட்டமும் அவ்வாண்டிலேயே சூட்டப்பட்டது.

1949-ல் அவர் கதாநாயகனாக நடித்த ‘நல்லதம்பி’ வந்தது. சி. என். அண்ணாதுரையின் எழுத்து முதன்முதலாகத் திரையேறியது இதில்தான். அமெரிக்கப் படமொன்றின் கருவைத் தழுவி, பெருஞ்செல்வத்துக்கு உரியவனாகும் எளியவன் அதை ஊருக்குப் பயன்படுத்துவதாகக் கதை அமைந்தது. சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு 1948 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருந்த வேளை அது. கூலியைக் கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டு வீடு திரும்பிய வழக்கத்தை விட முயன்றுகொண்டிருந்த உழைப்பாளிக்கு, குடியைக் கேலி செய்த அப்படம் நேராகப் பேசிற்று. அதில் இடம்பெற்ற ‘கிந்தனார்’ காலட்சேபம், நந்தனார் கதையின் போக்கைப் பின்பற்றி, கல்வியை நாடிப் பட்டணம் வரும் சிறுவனைப் பாடிற்று. 1951-ல் ‘மணமக’ளைக் கலைவாணரே தயாரித்து இயக்கினார். மு. கருணாநிதி உரையாடல் எழுத, நாட்டிய மங்கையாக அறியப்பட்ட பத்மினி அதில் கதாநாயகியானார்.

ஆயினும் அந்நிறுவனம் நிலைத்த செல்வமாகவில்லை. வந்த பொருளைக் கேட்டவர்க்கெல்லாம் ஈந்தவர் கலைவாணர். 1957 ஆகஸ்டு 30-ல் அவர் மறைந்தபோது எஞ்சியது புகழே. வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்ப்பவர், இதைத் தோல்வி என்று எழுதக்கூடும். ஆனால் எந்த நிறுவனத்தையும் அது எதற்காக நடத்தப்பட்டது என்று கேட்டே அளக்க வேண்டும். இந்நிறுவனம் முதலில் ஒருவரின் விடுதலைக்காக உழைத்தது. பிறகு பலரின் அறியாமையை நீக்க உழைத்தது.

1969 ஜனவரியில், நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணாதுரை தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். அதுவே அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. தம் எழுத்தை முதன்முதல் திரைக்குக் கொண்டுவந்தவருக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது. தரை வகுப்பில் அமர்ந்து சிரித்தவர்களும், சிரித்தபடியே சிந்தித்தவர்களும், அதே கடனைத் தங்கள் நினைவிலே செலுத்தி வந்தனர்.