குத்துச்சண்டையில் ஒரு கட்டிப்பிடி வைத்தியம்

வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். (2004) வந்ததுக்கு அப்புறம் கட்டிப்பிடி வைத்தியம்னா என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே வைத்தியத்தைக் குத்துச்சண்டைக்காரங்க ரொம்ப காலமா பண்ணிட்டு வர்றாங்க. என்ன, அங்கே அன்புதான் கொஞ்சம் கம்மி :-)

குத்துச்சண்டை பார்க்கிறவங்களுக்கு இந்த எரிச்சல் தெரிஞ்சிருக்கும். இப்போ விளாசப் போறாங்கன்னு நாம மூச்சைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்போம். பார்த்தா, ஒருத்தர் இன்னொருத்தர் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குவார். நடுவர் வந்து பிரிச்சு விடுவார். மறுபடியும் தொங்கல். இதுக்குப் பேர் கிளின்ச்.

இது ஆட்டமா, கள்ளாட்டமா? கொஞ்சம் பின்னாடி போவோம். 1743-ல் லண்டனில் ஜாக் பிராட்டன் போட்ட விதிகளில், இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாதுன்னு மட்டும்தான் இருந்தது. அப்படின்னா மேலே பிடிக்கலாம்! அந்த வெறுங்கைச் சண்டைகளில் பிடிச்சுத் தூக்கிப் போடறதும் ஆட்டத்தில் சேர்த்திதான். 1867-ல் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் எழுதி, குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரில் வந்த விதிகள்தான் இதை மாற்றின. கையுறை, 3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு எல்லாம் அதில்தான். இரண்டாவது விதியே மல்யுத்தத்துக்கும் கட்டிப்பிடிக்கும் தடை.

தடை என்னவோ போட்டாச்சு. ஆனா எத்தனை தடவை பிடிச்சா தண்டனைன்னு கணக்கு எதுவும் கிடையாது. எச்சரிக்கிறதா, புள்ளியைக் குறைக்கிறதா, வெளியே அனுப்பறதா, எல்லாம் நடுவர் இஷ்டம். 1997 ஜூலையில் லென்னக்ஸ் லூயிஸோட மோதிய ஹென்றி அகின்வாண்டே ஓயாமல் கட்டிப்பிடிச்சார். நடுவர் மில்ஸ் லேன் ஐந்தாவது ரவுண்டிலேயே தகுதி நீக்கம் செய்துட்டார். (டைசன் காதைக் கடிச்சப்போ வெளியே அனுப்பினவரும் இவர்தான், அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி!) 2013-ல் மாஸ்கோவில் விளாடிமிர் கிளிட்ச்கோ, போவெட்கின் மேல ராத்திரி முழுக்கச் சாய்ஞ்சு சாய்ஞ்சு அமுக்கினார். ஒரே ஒரு புள்ளி போச்சு, அதுவும் 11வது ரவுண்டில். மூணு பேர் தீர்ப்பும் 119-104, கிளிட்ச்கோவுக்கே வெற்றி. விதி ஒண்ணுதான், நடுவர்தான் வேற.

இதை நல்லாப் புரிஞ்சு வெச்சிருந்தவர், ஜோ ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச். ஃப்ரேசியர் குள்ளம். குனிஞ்சு உள்ளே புகுந்து இடது கையால் வீசினாத்தான் அவருக்கு வாழ்வு. 1971-ல் அப்படித்தான் முகமது அலியை ஜெயிச்சார். 1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது சண்டையில் அலி என்ன பண்ணார் தெரியுமா? அவர் உள்ளே வரும்போதெல்லாம் பிடரியைப் பிடிச்சுக் கீழே அழுத்தினார். தலை கீழே போனா கை எப்படி வீசும்? நடுவர் டோனி பெரஸ் கண்டும் காணாமல் விட, 12 ரவுண்டு முடிவில் அலி ஜெயிச்சார். அதே வருஷம் அக்டோபரில் கின்ஷாசாவில் ஃபோர்மனையும் அப்படியே பிடிச்சார். அங்கே நடுவர் சாக் கிளேட்டன்.

அதனால 1975-ல் மணிலா மோதலுக்கு கிளேட்டன் பெயர் அடிபட்டதும் ஃபட்ச் ஒத்துக்கவே இல்லை. பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தரே இருக்கட்டும்னு வாதாடினார். கார்லோஸ் படிலா நடுவரானார். அலி பிடரியில் கை வெச்ச போதெல்லாம் படிலா அதைத் தட்டி விட்டார். கட்டிப்பிடி இல்லாததால் ரெண்டு பேரும் அடிச்சே தீர வேண்டியதாச்சு. குத்துச்சண்டை வரலாற்றின் மகத்தான சண்டைன்னு இன்னிக்கும் பலர் சொல்வது அதைத்தான்.

ஆனா அதோட விலை என்ன? 14 ரவுண்டு முடிஞ்சப்போ ஃப்ரேசியருக்குக் கண் தெரியலை. சண்டையை நிறுத்தினவரும் அதே ஃபட்ச்தான். ஜெயிச்ச அலியே, சாவுக்குப் பக்கத்தில் போயிட்டு வந்த மாதிரி இருந்ததுன்னு சொன்னார்.

கட்டிப்பிடிக்கிறவனைத் திட்டும்போது எனக்கு இது ஞாபகம் வரும். ஜெயிக்கிற நிலையில் இருக்கிறவன், எதிராளியை அடிக்க விடாமல் பிடிச்சா அது திருட்டு. அதுக்குப் புள்ளியைப் பிடுங்கணும், முதல் ரவுண்டிலேயே. ஆனா அடி வாங்கித் தலை சுத்திப் போனவன் பத்து விநாடி பிடிச்சுக்கிட்டு நின்னா, அவன் உசிரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவர்தான் நல்ல நடுவர். கூச்சல் போடற நமக்கும் அது கொஞ்சம் தெரிஞ்சிருக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?