ஐம்படைத்தாலி

தாலி என்றவுடன் இக்காலத்தார் மங்கலநாணையே நினைப்பர். பண்டைத் தமிழகத்திலோ அச்சொல் குழந்தைகள் கழுத்திற் காப்பாகப் பூண்ட அணிக்கும் பெயராய் வழங்கிற்று. அதுபற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சிறிது கூற விரும்புகின்றோம்.

அக்காப்புத்தாலி நூல்களில் இருவகையாகக் காணப்படும். ஒன்று புலிப்பல் தாலி. அதனை ஆண்மகவு அணிந்தமையைக் குறுந்தொகை 161ஆம் செய்யுளாலும், பெண்மகவு அணிந்தமையை அகநானூறு 7ஆம் செய்யுளாலும் அறிகின்றோம். மற்றொன்று ஐம்படைத்தாலி. அஃதாவது, காத்தற்கடவுளாகிய திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்னும் ஐந்து படைகளின் வடிவாகச் செய்து பூட்டுவது.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்று 77ஆம் செய்யுளை நோக்குக. கிண்கிணி களைந்து கழல் புனைந்து தேர்மிசை நின்ற அவ்வரசன் தாலியை மட்டும் இன்னும் களைந்திலன் என்கின்றார் புலவர். உரைகாரர் அதனை ஐம்படைத்தாலி என்பர். ஆகவே அதனைக் களைதல் இளமை கழிந்தமைக்கு அடையாளமாய் இருந்தது என்பது பெறப்படும்.

மணிமேகலையில், மழலை பேசும் குழந்தையின் வாய்நீர் ஐம்படையை நனைக்கின்றது. பெரியாழ்வார் திருமொழியிலோ கண்ணபிரானுக்கே ஐம்படை வருகின்றது. படைகளுக்கு உரியவனுக்கே அப்படைகளைக் காப்பாக இடுவானேன் எனின், அன்பு வலிமையை ஆராயாது. குழந்தை என்றவளவில் அதற்கு அஞ்சும் என்க.

இனி, இக்காலத்தில் நாம் கொள்ளத்தக்கது யாது? தாயின் அச்சம் பொய்யன்று. ஆயினும் எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோன வைசூரியை உலகினின்று ஒழித்தது அம்மைப்பாலே. அந்நோய் ஒழிந்தமை 1980இல் அறிவிக்கப்பட்டது. காப்புக் கட்டிய வீட்டாரும் மருத்துவரை நாடுதலையும் உரிய காலத்தில் ஊசி இடுதலையும் மறத்தல் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புலிப்பல்லும் புலிநகமும் வாங்குதலும் விற்றலும் குற்றமாம் என்பதனையும் நினைவிற் கொள்க.

நம் இல்லங்களிற் பாட்டியர் பேழையுள் பழைய ஐம்படை இருப்பின், பொன்னின் எடைக்காக அதனை உருக்கிவிடாதீர்கள். அணிந்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதி உடன் வையுங்கள். உருக்கினால் எஞ்சுவது பொன்; வைத்துக் காத்தால் எஞ்சுவது குலத்தின் வரலாறு.