பழங்குடி இளைஞர் தொழிற்பயிற்சி: சேலம், நாமக்கல்

சேலம், நாமக்கல் சமவெளியின் ஆலைகளிலும் பட்டறைகளிலும், சுற்றியுள்ள மலைகளின் பழங்குடி இளைஞர்கள் உதவித்தொகையோடு தொழில் பழகி வேலையில் சேர்வதற்கான ஏற்பாடுகளை இது குறிக்கும். கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை ஆகியவற்றில் வாழும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினரே இவர்களில் மிகுதி. 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம், அவர்களுள் மலையாளிகள் ஏறத்தாழ 3.58 லட்சம்.

கொல்லிமலையிலும் கருமந்துறையிலும் பழங்குடியினருக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் (ஐ.டி.ஐ.) உள்ளன. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியவர்கள் சேரலாம். பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் நிலையில்தான் கிடைக்கும் என்பதால் சேர்வதற்கு முன்பே அலைச்சல் தொடங்கிவிடுகிறது. அரசு ஐ.டி.ஐ. மாணவருக்கு மாதம் 750 ரூபாயும் சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் முதலியனவும் உண்டு. எஸ்டேட் கூலிக்குப் போனால் அந்தப் பணத்தைச் சில நாட்களில் ஈட்டிவிடலாம். படிப்பு பாதியில் நிற்பதற்கு இளைஞரின் ஆர்வக்குறைவைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. வீட்டில் ஒரு கூலி குறைகிறது.

அடுத்த படி அப்ரண்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973 திருத்தம் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீட்டைச் சேர்த்தது. 2019 விதிகள் ஐ.டி.ஐ. சான்று பெற்றவருக்குக் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை வகுத்தன. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். சேலம் உருக்காலை போன்ற பெரிய இடங்களை இந்த விதி கட்டுப்படுத்தும். ஆனால் நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் தொழிலிலும் இந்த விதிக்குள் வராத சிறு நிறுவனங்கள் பல. மலையடிவாரத்துக்கு மிக அருகிலுள்ள இத்தொழில்களில் வெல்டிங்கும் பெயிண்டிங்கும் கூடவே நின்று பழகுவதுதான் வழக்கம். கை தேர்ந்தாலும் சான்றிதழ் வராது.

ஊதியமுள்ள வழி அடைபடும்போது நேர்வதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில் பலர் மலையாளிகள். செம்மரம் வெட்டும் கூலிக்காகத் தரகர்கள் ஆள் திரட்டிய ஊர்கள் பல மலைகளில் இருந்தன.

2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா திட்டம் ஊதியமுள்ள வழி இல்லாத இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. உணவு, தங்குமிடத்தோடு பயிற்சி தந்து, பயின்றவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினரை வேலையில் அமர்த்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்கு வயது வரம்பு 45. வேலை கிடைத்த பின் மாதம் 1,000 ரூபாய் உதவி வேறு மாநிலத்தில் ஆறு மாதமும், மாநிலத்துக்குள் மூன்று மாதமும், சொந்த மாவட்டத்தில் இரண்டே மாதமும் வழங்கப்படும். நாமக்கல்லில் வேலைக்குச் சேரும் கொல்லிமலை இளைஞர் இந்தக் கணக்கில் சொந்த மாவட்டத்துக்காரர். 70 கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் ஏறி இறங்க முடியாமல் அறை எடுத்துத் தங்குபவருக்கு, வெளியூர் சென்றவருக்கு ஆகும் வாடகையும் சாப்பாட்டுச் செலவும்தான் ஆகின்றன.