டவருக்கு யார் காவல்?

பெரணமல்லூரில் கரண்ட் போனாலும் கைத்தறி ஓடும். கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் போதும். செல்போன் டவர் அப்படி இல்லை. 2012-ல் சென்னையைத் தாண்டிய ஊர்களில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது டவருக்கு உயிர் கொடுத்தவை 48 வோல்ட் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும்தான். சரி, பேட்டரி இறங்குகிறது, டீசல் தீர்கிறது என்று எங்கோ இருக்கும் கண்காணிப்பு அறைக்கு யார் சொல்வது?

ஒரு ஜோடி மெல்லிய ஒயர்!

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. தொடக்க காலத்தில் டவரின் கருவிகள் பெரும்பாலும் ஏசி போட்ட சின்ன அறைக்குள் இருந்தன. பிறகு, வெயில் மழை தாங்கும் இரும்புப் பெட்டிகளாக வெளியே வந்துவிட்டன. செலவு மிச்சம். ஆனால் காவலுக்கு இருந்த நாலு சுவரும் போச்சு.

தன் உள்ளே இருக்கும் கார்டு கெட்டால் அந்தப் பெட்டிக்கே தெரியும். வேலிக் கதவு, ஜெனரேட்டர், புகை, மின்வாரிய கரண்ட் எல்லாம் அதற்கு அந்நியம். அதனால்தான் 'வெளி அலாரம்' என்று தனியாகச் சில முனைகள் வைத்தார்கள். கதவில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கதவு திறந்தால் சுற்று மூடும்படி இணைத்தால், திருடன் ஒயரை அறுத்ததும் அலாரம் ஊமையாகிவிடும். மூடியிருக்கும் சுற்று திறந்தால் அலாரம் என்று இணைத்தால், அறுப்பதே அலாரம். எலி கடித்தாலும் அலறும், அது வேறு விஷயம். யோசனை புதிதில்லை. 1872-ல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் ரயில் தண்டவாளத்திலேயே எப்போதும் மின்சாரம் ஓட விட்டு இதைச் செய்துவிட்டார். ரயில் வந்தாலும், ஒயர் அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் சிக்னல் சிவப்புதான்.

2007-ல் பார்தி, வோடபோன் எஸ்ஸார், ஐடியா மூன்றும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கின. இப்படி டவர் கம்பெனி தனி, சிக்னல் கம்பெனி தனி என்றானதும் புதுச் சிக்கல். பேட்டரியும் டீசலும் டவர்காரருடையவை; அலாரத்தைச் சுமந்து போகும் ரேடியோ பெட்டியோ வாடகைக்கு வந்தவருடையது! டீசல் திருட்டு யார் கணக்கில் நஷ்டமோ, அவருக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்? எனவே டவர்காரர்கள் சொந்தமாகக் கண்காணிப்புப் பெட்டி வைத்தார்கள், அதற்குள் ஒரு சிம் கார்டு போட்டு.

அந்த சிம்முக்கும் சிக்னல் பெரும்பாலும் அதே டவரில் இருந்துதான். டவர் படுத்துவிட்டால் செய்தி போகாது. அதனால் பேட்டரி முழுசாக இறங்கும் முன்பே, போதிய நேரம் விட்டு அலாரம் அடிக்கும்படி அளவு வைக்கிறார்கள். குறித்த நேரத்தில் பெட்டியிடம் இருந்து தகவல் வராவிட்டால், கண்காணிப்பு அறையின் திரையில் அதுவும் ஓர் அலாரம்தான்.