திரும்பு, திருப்பு

ஆட்டோக்காரரிடம் "லெஃப்ட்ல டர்ன் பண்ணுங்க" என்கிறோம். அந்த ‘டர்ன்’ கடைசல் பட்டறைச் சொல். மரம் கடைவதற்கும் வட்டம் வரைவதற்குமான கருவி கிரேக்கத்தில் ‘தோர்னோஸ்’; அது லத்தீன் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ‘திரும்பு’வும் சுழற்சியில் பிறந்ததுதான். திரி, திருகு, மாவரைக்கும் திரிகை எல்லாம் அதன் உறவுகள்.

திரும்புவது தன்வினை, திருப்புவது பிறவினை. அடகு நகை தானாகத் திரும்பாது. அசலும் வட்டியும் கட்டித் திருப்ப வேண்டும்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். உடல் பகுதியின் ஊடை கரைக்குள் நுழைவதில்லை. கரையின் ஊடையோடு ஒரு கொக்கி போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். திருப்புவது நெசவாளியின் கை. பச்சை உடலில் அரக்குக் கரை கலங்காமல் நிற்பது இதனால்தான்.

அதே ஊரில் திருவெஃகா பெருமாள் கோயில். திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்த, ஆழ்வார் சொற்படி பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாராம். மன்னன் மன்னிப்புக் கேட்டதும் ஆழ்வார் திருப்பி அழைத்தார். பெருமாள் திரும்பினார், ஆனால் வழக்கத்துக்கு மாறான திசையில் தலைவைத்துப் படுத்தார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பேர். அவர் திரும்பியது தன்வினையா பிறவினையா என்று தமிழாசிரியர்கள்தான் தீர்க்க வேண்டும்.